எலும்பில்லா இறைச்சிக்கு ஓர் இயந்திரம்

இறைச்சி ஸ்லைசர் என்பது சுழலும் வட்டமான எஃகுத் தகட்டின் முன்னே இறைச்சியை ஓட்டி, ஒரே தடிப்பில் சீவல்களாக எடுக்கும் கருவி. அதன் முக்கிய உறுப்புகள் மூன்று: விளிம்பு கூராக்கப்பட்ட வெட்டுத்தகடு, இறைச்சியைத் தாங்கியபடி முன்னும் பின்னும் நகரும் தட்டு, சீவலின் தடிப்பைத் தீர்மானிக்கும் தடுப்புப் பலகை. தடுப்புப் பலகை வெட்டுவிளிம்பிலிருந்து எவ்வளவு பின்வாங்கி நிற்கிறதோ, அவ்வளவே சீவலின் தடிப்பு. கத்தி பிடித்த கை எவ்வளவு பழகியதானாலும் நூறாவது சீவலில் தளர்ந்துவிடும். இயந்திரத்தில் முதல் சீவலும் நூறாவது சீவலும் ஒரே அளவில் விழும். அதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

இந்தக் கருவி எங்கே, எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் அதன் எல்லையும் விளங்கும். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் இறைச்சிக் கடை வைத்திருந்த வான் பெர்க்கல் என்பவர், 1898 இல் கையால் சுற்றும் சக்கரத்தோடு கூடிய ஸ்லைசரை உருவாக்கி, அதே ஆண்டில் அதற்கென ஒரு தொழிற்சாலையையும் தொடங்கினார். உள்வளைந்த தகடு ஒரு பக்கம் சுழல, இறைச்சித் தட்டு மறுபக்கம் அதை நோக்கி நகரும் அமைப்பு அது. தேர்ந்த ஒருவரின் கை கத்தியை இழுத்து அறுக்கும் அசைவை இரும்பில் செய்துகாட்டிய ஏற்பாடு என்று சொல்லலாம். அந்தக் கடைகளில் அது வெட்டியது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையையும் கெட்டியான சொசேஜ்களையும். அவை எலும்பு நீக்கப்பட்டவை, குளிர்ந்தவை, இறுகியவை. இன்று கடைகளில் கிடைக்கும் சிறிய மின்சார ஸ்லைசர்களும் அந்த வழியில் வந்தவைதான். எலும்பு அவற்றின் கணக்கில் ஒருபோதும் இருந்ததில்லை.

வண்ணாத்திவில்லு போன்ற ஓர் ஊரில் எலும்புதான் முதலில் எழும் கேள்வி. இலங்கையின் புத்தளம் நகருக்கு வடக்கே, மேற்கில் களப்பும் வடக்கில் வில்பத்துக் காடும் சூழ அமைந்த பிரதேசம் இது. ஊரின் பெயரிலும் காட்டின் பெயரிலும் இருக்கும் ‘வில்லு’ என்பது மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான ஆழமற்ற நீர்நிலையைக் குறிக்கும். களப்பில் மீன்பிடி, மேட்டில் மரமுந்திரிகைத் தோட்டம், ஆங்காங்கே ஆடு மாடு வளர்ப்பு என்று வாழும் ஊர்களில், அன்றாடக் கறி பெரும்பாலும் மீன். இறைச்சி வாங்கும் நாளில் அது மரக்குற்றியில் வைத்து எலும்போடு கொத்தப்பட்டே வீட்டுக்கு வருகிறது. எலும்பிலிருந்து இறங்கும் சாறுதான் குழம்புக்குச் சுவை. எலும்பில்லாத இறைச்சியைத் தனியாகக் கேட்டால் விலையும் கூடுதல். அன்று அறுத்து அன்றே விற்ற இறைச்சி வீட்டுக்கு வரும்போது மென்மையாகவும் வழுக்கலாகவும் இருக்கும். ஸ்லைசருக்கு வேண்டியது குளிர்ந்து இறுகிய எலும்பில்லா இறைச்சி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

ஆகவே, எந்த ஸ்லைசர் மலிவு என்ற கேள்விக்கு முன்னால், வீட்டில் எந்த வேலைக்கு அது வேண்டும் என்ற கேள்வி வருகிறது. குழம்புக்கான துண்டுகளுக்கு அது வேண்டாம். எலும்பில் பட்டால் தகட்டின் விளிம்பு நொறுங்கும், பற்சக்கரம் உடையும். அந்த வேலையை மன்னாக் கத்தியும் மரக்குற்றியும் காலங்காலமாகச் செய்துவருகின்றன. மீனுக்கும் வேண்டாம். தோலும் செதிலும் முள்ளும் உள்ள மீனைச் சுழலும் தகட்டில் வைத்தால் சதை குழைந்துபோகும். கருவாட்டுக்குச் சுறாவையும் திருக்கையையும் கீறும் கை, கத்தி ஓடும் ஆழத்தை முள்ளின் தடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. நோன்புக் காலத்தில் கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் சமோசாவுக்கும் இறைச்சி வேண்டுமென்றால், தேவைப்படுவது அரைக்கும் இயந்திரம், ஸ்லைசர் அல்ல. இந்தக் குழப்பம் சாதாரணமாக நேர்வது. ஆண்டு முழுவதும் கட்லட்டும் ரோல்ஸும் செய்கிற வீட்டுக்கு, ஸ்லைசருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்லதொரு இறைச்சி அரைவை இயந்திரம் வாங்குவதே அறிவான செலவு.

மிஞ்சுவது இரண்டு வேலைகள். பொரியலுக்கும் வதக்கலுக்கும் எலும்பில்லா இறைச்சியை மெல்லியதாகச் சீவுவது ஒன்று. கூடுதலாகக் கிடைத்த இறைச்சியைக் கெடாமல் வைப்பதற்காகச் சீவுவது மற்றொன்று. முதலாவதற்கு வாரத்தில் ஒரு நாள் அரைக் கிலோ சீவினால் போதும். அதற்காக இயந்திரம் வாங்குவது வீண். இரண்டாவதுதான் இந்தக் கரையில் ஸ்லைசருக்கு உண்மையான இடம் தரும் வேலை.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சி ஒரே நாளில் பல கிலோவாக வீடு வந்து சேர்கிறது. தமக்கு ஒரு பங்கு, உறவுக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். கொடுத்தது போக மிஞ்சுவதையும், மற்ற வீடுகளிலிருந்து வந்து சேர்வதையும் சேர்த்தால் ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் தின்று முடிக்க முடியாத அளவு ஆகிவிடும். பௌர்ணமி தினமான போயா நாளில் நாடெங்கும் இறைச்சிக் கடைகள் மூடப்படுவதால், முன்கூட்டியே வாங்கி வைக்கும் பழக்கமும் உண்டு. மீதியை ஃப்ரீசரில் வைக்கலாம், அல்லது உப்புக்கண்டம் போடலாம். ஃப்ரீசரை முழுதாக நம்பக் கூடாது என்பதற்கு 2022 ஒரு பாடமாக அமைந்தது. பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையம், 900 மெகாவாட் திறனுள்ள நுரைச்சோலை லக்விஜய, இதே புத்தளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் அருகிலிருந்த வீடுகளிலும் ஃப்ரீசருக்குள் இறைச்சி இளகியது. வெயிலும் உப்பும் மின்வெட்டுக்கு உட்படுவதில்லை.

உப்புக்கண்டத்தில் தடிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்லைசரின் பெறுமதி முழுவதும் இங்கேதான் அளக்கப்படுகிறது. கொழுப்பு நீக்கிய இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். ஒரு கிலோ இறைச்சி நன்றாகக் காய்ந்தால் கால் கிலோ அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே இருக்கும் நீர் மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்தால்தான் காற்று அதை எடுத்துச் செல்ல முடியும். வெளியே தடவிய உப்பும் அதே வழியில் உள்ளே போக வேண்டும். இந்த ஊர்தலுக்கு ஆகும் நேரம் தடிப்போடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, தடிப்பின் வர்க்கத்தோடு கூடுகிறது. 6 மில்லிமீட்டர் சீவல் ஒன்று காயும் நேரத்தைப்போல 12 மில்லிமீட்டர் துண்டுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகலாம். கையால் வெட்டிய ஒரே சீவலில் ஒரு முனை 5 மில்லிமீட்டரும் மறுமுனை 12 மில்லிமீட்டருமாக இருந்தால், மெல்லிய முனை கருகிச் சருகாகும் வேளையில் தடித்த முனை உள்ளே ஈரமாகவே இருக்கும். நாற்றமும் பூசணமும் புழுவும் அந்த ஈரத்தில்தான் தொடங்குகின்றன. 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில், வசதியான நிலையில், நுண்ணுயிர்கள் சில 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நண்பகல் வெயிலில் கிடக்கும் இறைச்சி முழு நேரமும் அந்த வரம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே, உப்பு விரைவாக ஊறுவதும் நீர் விரைவாக வெளியேறுவதுமே பாதுகாப்பு. இரண்டையும் தீர்மானிப்பது சீரான மெல்லிய தடிப்பு.

அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம் வீட்டில் இறைச்சி உலர்த்துவோருக்குச் சொல்லும் அறிவுரையில் ஒன்று, உலர்த்துவதற்கு முன் மாட்டிறைச்சியை 71 பாகை செல்சியசுக்கும் கோழியை 74 பாகைக்கும் சூடாக்க வேண்டும் என்பது. மஞ்சளும் உப்பும் போட்டு ஒரு கொதி காட்டிவிட்டுக் காயவைக்கும் வீடுகள் தாமறியாமலே இந்த அறிவுரையைப் பின்பற்றுகின்றன. அப்படியே வெயிலில் போடுவதைவிட இது பல மடங்கு நல்லது. காய்ந்த கண்டத்தை உண்ணும் முன் நன்றாகப் பொரிப்பது இன்னொரு காப்பு. ஆனால் இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இந்தக் கரைக்கு உலர்த்துவதற்கான எல்லாம் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன. புத்தளத்து உப்பளங்கள் நாட்டின் முக்கியமான உப்பு விளைநிலங்கள். வறண்ட வலயத்தைச் சேர்ந்த இப்பகுதிக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, சோளகம், இங்கே மழையைக் கொண்டுவராமல் வறண்டே வீசுகிறது. 2024 இல் ஜூன் 17 அன்றும் 2025 இல் ஜூன் 7 அன்றும் இலங்கையில் ஹஜ்ஜுப் பெருநாள் கொண்டாடப்பட்டது. அதாவது உலர்த்துவதற்கு மிகச் சிறந்த பருவத்தில். ஆனால் பிறைக் கணக்கில் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்கிறது. 2030களின் இறுதியில் அது ஜனவரிக்கும் டிசம்பருக்கும் வந்துவிடும். 2040களின் தொடக்கத்தில் மாரி மழையின் நடுவே நிற்கும். இன்று கொடியில் காயும் கண்டத்தை அப்போது அடுப்பின் மேல் பரணிலோ மின் உலர்த்தியிலோதான் காயவைக்க வேண்டும். ஈரக் காற்றில் தடித்த துண்டு காயவே காயாது என்பதால், அந்த ஆண்டுகளில் மெல்லிய சீரான சீவலின் தேவை இன்னும் கூடும். பத்து ஆண்டு உழைக்கும் என்று நம்பி ஒரு கருவி வாங்குகிறவர் இதையும் கணக்கில் எடுப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும், முதலில் பரிசீலிக்க வேண்டியது கத்தியைத்தான். மென்மையான இறைச்சியைச் சீராகச் சீவ முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கத்தி அல்ல, இறைச்சியின் வழுக்கல். எலும்பும் சவ்வும் நீக்கிய, 5 சென்டிமீட்டர் அளவு தடித்த இறைச்சியை ஃப்ரீசரில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வைத்தால், வெளிப்புறம் இறுகி, உள்ளே கத்தி ஏறும் அளவுக்கு மட்டும் கெட்டிப்படும். இறைச்சியின் நீர் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான் உறையத் தொடங்குகிறது என்பதால், இந்த அரைகுறை உறைநிலைக்குச் சில பாகை குளிர் போதும். விரலால் அழுத்தினால் மேற்புறம் அமுங்காமல் நிற்க வேண்டும். கத்தி முனை சிறு தடையோடு உள்ளே இறங்க வேண்டும். அந்தப் பதத்தில், 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒடுக்கமான கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தால், பழகிய கை 5 முதல் 6 மில்லிமீட்டர் சீவலை நம்பிக்கையோடு எடுத்துவிடும். பல்லுள்ள கத்தி இதற்கு உதவாது, சதையைக் கிழிக்கும்.

கத்தியின் இரும்பும் கவனத்துக்குரியது. லொறியின் வில் தகட்டை அடித்துக் கொல்லர் செய்துதரும் கத்தி அருமையாகக் கூர் ஏறும், மலிவும் கூட. ஆனால் களப்பின் உப்புக் காற்றில் ஓர் இரவிலேயே துரு படியும். துருவேறா எஃகுக் கத்தி அவ்வளவு கூர் பிடிக்காவிட்டாலும் பராமரிப்பு எளிது. எதுவானாலும், நல்ல தீட்டுக்கல் ஒன்று கத்திக்குச் சமமாக முக்கியம். ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் மென்மையுமான ஒரு கல்லும் நல்ல கத்தியும் சேர்ந்து எந்த மின்சார ஸ்லைசரின் விலையிலும் ஒரு சிறு பகுதியே ஆகும். ஆண்டில் ஒருமுறை மட்டும் நாலைந்து கிலோ சீவும் வீட்டுக்கு இது போதுமானது. இதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை.

நார் ஓடும் திசையைப் பார்த்து வெட்டுவதும் கருவியைப்போலவே முக்கியம். கொடியில் தொங்கவிடும் கண்டத்துக்கு நார் ஓடும் திசையிலேயே நீளமாக அறுத்தால் சீவல் அறுந்து விழாது. உடனே வதக்கித் தின்பதற்கு என்றால் நாருக்குக் குறுக்காக அறுத்தால்தான் மெல்ல இதமாக இருக்கும். ஸ்லைசர் வாங்கிய பலர் சீவல் தோல்போல இருக்கிறது என்று இயந்திரத்தைக் குறைசொல்வது, இறைச்சியைத் தட்டில் தவறான திசையில் வைத்ததால்தான்.

கத்திக்கும் மின்சார ஸ்லைசருக்கும் நடுவில் கையால் இயக்கும் ஸ்லைசர் நிற்கிறது. அதில் ஒரு வகை, நெம்புகோலை அழுத்தினால் நேரான அலகு மேலிருந்து இறங்கி, உறைந்த இறைச்சிக் கட்டியைச் சீவுவது. கிழக்காசியாவில் கொதிக்கும் சாற்றில் மெல்லிய இறைச்சியை அமிழ்த்தி உண்ணும் வழக்கம் பரவியிருப்பதால், அங்கே வீடுகளுக்கென்றே இவை பெருமளவில் செய்யப்படுகின்றன. இதன் வலு எளிமையில் இருக்கிறது. மோட்டார் இல்லை, மின்வெட்டும் தடையில்லை, கழற்றிக் கழுவுவது சுலபம். குறை என்னவென்றால், இறைச்சி சரியான அளவில் உறைந்திருக்க வேண்டும். மிகையாக உறைந்தால் அலகு வழுக்கும், இளகினால் இறைச்சி நசுங்கும். வாங்கும்போது அடித்தட்டின் அகலத்தையும் பாரத்தையும் கவனிக்க வேண்டும். நெம்புகோலை அழுத்தும்போது கருவி சாய்ந்தால் விரலுக்கு ஆபத்து. பெருநாளைக்கு ஐந்து முதல் பத்துக் கிலோ வரை கண்டம் போடும் குடும்பத்துக்கு, விலையையும் பயனையும் சேர்த்துப் பார்த்தால், எல்லா வகைகளிலும் மிகப் பொருத்தமானது இதுவே.

மின்சார ஸ்லைசரின் கணக்கு வேறு. வீட்டு ஸ்லைசர்களின் வெட்டுத்தகடு பெரும்பாலும் 17 முதல் 20 சென்டிமீட்டர் விட்டம். 19 சென்டிமீட்டர் மிகப் பொதுவான அளவு. மோட்டார் 100 முதல் 200 வாட். கருவியின் பாரம் சில கிலோ மட்டுமே. கடைகளில் நிற்கும் தொழில்முறை ஸ்லைசர்கள் 25 சென்டிமீட்டர் தகட்டோடு 15 கிலோவை ஒட்டிய பாரமுடையவை. வீட்டு வகையில் விட்டத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. தகட்டின் கீழ்ப்பகுதி உடலுக்குள் மறைந்திருப்பதால், வெட்டக்கூடிய உயரம் விட்டத்தைவிடக் கணிசமாகக் குறைவு. வீட்டு இறைச்சிக்கு அது பெரும்பாலும் போதும்; பெரிய தொடைச் சதையை முதலில் கத்தியால் இரண்டாக நீளவாக்கில் பிளந்துகொள்ளலாம்.

மலிவான ஸ்லைசரில் முதலில் தோற்பது தகடோ மோட்டாரோ அல்ல, இரண்டுக்கும் இடையே உள்ள பற்சக்கரம். மோட்டாரின் வேகத்தைக் குறைத்துத் தகட்டுக்குக் கொடுக்கும் இந்தச் சக்கரம் மலிவு வகைகளில் பிளாஸ்டிக்கால் ஆனது. கல்லாக உறைந்த இறைச்சியை அழுத்தித் தள்ளினாலோ, இடையில் சிறு எலும்புச் சில்லு அகப்பட்டாலோ, அதன் பற்கள் மழுங்கிவிடும். பிறகு மோட்டார் இரைந்தபடி இருக்கும், தகடு நின்றுவிடும். கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய இயந்திரத்துக்குப் பற்சக்கரம் தேடி வண்ணாத்திவில்லிலிருந்து திரும்பக் கொழும்புக்கு அலைவது, இயந்திரத்தின் விலையையே விழுங்கிவிடும். ஆகவே, வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பற்சக்கரமும் மாற்றுத் தகடும் தனியாகக் கிடைக்குமா என்பது. உலோகப் பற்சக்கரம் உள்ள வகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல.

அடுத்தது, இயந்திரம் தொடர்ந்து ஓடக்கூடிய நேரம். ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவற்றின் உடலில் தொடர்ச்சியாக எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று பொறிக்கப்பட்டிருக்கும். வீட்டு வகைக்கு அது பெரும்பாலும் 5 அல்லது 10 நிமிடம். அதற்கு மேல் ஓட்டினால் சுருள் சூடாகி மோட்டார் கருகும். பாண் வெட்டவும் ஒரு வேளை உணவுக்குச் சொசேஜ் சீவவும் எண்ணி வடிவமைத்த கருவியில் பெருநாள் இறைச்சி பத்துக் கிலோவை ஒரே மூச்சில் சீவ முனைவதுதான் அது கெட்டுப்போவதற்கு மிகப் பொதுவான காரணம். 5 நிமிடம் ஓட்டி, 20 நிமிடம் ஆறவிட்டு, அந்த இடைவேளையில் அடுத்த கட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்துத் தயார்செய்வது என்ற ஒழுங்கில் வேலை செய்தால் சிறிய இயந்திரமும் பல ஆண்டு உழைக்கும்.

தகட்டின் விளிம்பு இரண்டு வகை. பற்கள் கொண்டது பாணுக்கும் கெட்டித் தோலுள்ள உணவுக்கும், மழுமழுப்பானது இறைச்சிக்கு. இரண்டு தகடுகளும் சேர்த்துத் தரப்படும் தயாரிப்புகள் உண்டு; ஒன்று மட்டும் கிடைத்தால் மழுமழுப்பான தகடு உள்ளதையே எடுக்க வேண்டும். பல்லுள்ள தகட்டை வீட்டில் தீட்ட முடியாது. உடல் எதனால் ஆனது என்பது இந்தக் கரையில் மிகவும் கருதத்தக்கது. பூச்சில்லாத அலுமினியம் உப்புக் காற்றிலும் கடுமையான சவர்க்காரத்திலும் கறுத்து வெண்தூள் கக்கும். இரும்புத் திருகாணிகள் துருப்பிடித்தால் தகட்டைக் கழற்றவே முடியாமல் போகும். திருகாணிகளும் துருவேறா எஃகாக இருக்கின்றனவா என்பதைக் காந்தம் வைத்துச் சோதிப்பது முழுச் சோதனையல்ல, துருவேறா எஃகிலும் காந்தம் ஒட்டும் வகைகள் உண்டு. விற்பனையாளரிடம் கேட்டு, தயாரிப்பு விவரத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதே சரி.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் இயந்திரங்கள் தனியே குறிப்பிட வேண்டியவை. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மத்திய கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவை பெரும்பாலும் இதற்கு ஒத்துவரும். ஆனாலும் அடியில் ஒட்டியிருக்கும் தகவல் தகட்டைப் பார்க்காமல் சொருகக் கூடாது. அமெரிக்கா, கனடாவிலிருந்து வரும் 120 வோல்ட் இயந்திரத்தை நேரே சொருகினால் கணத்தில் எரிந்துவிடும். மின்மாற்றி வாங்கினால் மிச்சப்படுத்திய பணம் போய்விடும்.

மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. 150 வாட் இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓட்டினால் செலவாவது ஒரு யூனிட்டின் நாற்பதில் ஒரு பங்கு. கண்டமாகக் காயவேண்டிய இறைச்சியை மாதக்கணக்கில் ஃப்ரீசரில் வைத்திருப்பதற்கு ஆகும் மின்சாரத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

பழைய தொழில்முறை ஸ்லைசர்கள் சில வேளை ஹோட்டல்களும் பேக்கரிகளும் மூடும்போது மலிவாகக் கிடைக்கும். தரத்தில் அவை புதிய வீட்டு ஸ்லைசரைவிட எவ்வளவோ மேல்; பற்சக்கரமோ பெல்ட்டோ மாற்றலாம், தகட்டைத் தீட்டும் கல்லும் அவற்றிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஆனால் பலமுறை தீட்டிய தகட்டின் விட்டம் சுருங்கியிருக்கும். தகட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்கும் இடையில் தெரியும் இடைவெளி அகன்றிருந்தால் தகடு தேய்ந்து முடியும் தறுவாயில் இருக்கிறது என்று அறியலாம். ஒரே தெருவைச் சேர்ந்த சில குடும்பங்கள் சேர்ந்து இப்படியொன்றை வாங்கி, பெருநாளில் முறைவைத்துப் பயன்படுத்தினால், தனித்தனியே ஐந்து மலிவு இயந்திரங்கள் வாங்குவதைவிடச் செலவும் குறையும், வேலையும் திருந்தும். பெருநாளையொட்டி மூன்று நாள் கடுமையாக உழைத்துவிட்டு ஆண்டின் மீதி நாட்கள் சும்மா நிற்கும் கருவிக்குக் கூட்டுடைமையே இயல்பானது. கண்டத்தை விற்கவும் எண்ணுகிறவர்கள் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். வேலை தொடங்கும் முன்பே பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காண வேண்டும்.

சுழலும் தகடு விரலையும் இறைச்சியையும் வேறுபடுத்தி அறியாது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வேலையிடத்தில் இறைச்சி ஸ்லைசரை இயக்குவதையும் கழுவுவதையும் தடைசெய்திருக்கிறது. பிள்ளைகள் சூழ்ந்திருக்கும் பெருநாள் வீட்டில் இதை ஒரு வீட்டு விதியாகவே கொள்ள வேண்டும். இறைச்சியின் கடைசித் துண்டை விரலால் தள்ளாமல், இயந்திரத்தோடு வரும் பிடியால் தள்ள வேண்டும். பிடி இல்லாமல் விற்கப்படும் ஸ்லைசர் எவ்வளவு மலிவானாலும் வாங்கத் தகாதது. கையை எடுத்தால் நின்றுவிடும் ஆளி உள்ள வகை, ஒருமுறை அழுத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும் வகையைவிடப் பாதுகாப்பானது. காயங்களில் கணிசமானவை வெட்டும்போது அல்ல, கழுவும்போது நேர்பவை. சொருகியைப் பிடுங்கி, தடிப்பைப் பூச்சியத்துக்குத் திருப்பி, வெட்டு தாங்கும் கையுறை அணிந்த பின்னரே தகட்டைத் தொட வேண்டும்.

கழுவுவது பாதி வேலை அல்ல, முழு வேலை. 2008 இல் கனடாவில் பதப்படுத்திய இறைச்சி மூலம் லிஸ்டீரியா பரவி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விசாரணை சென்று நின்ற இடம் தொழிற்சாலையின் பெரிய ஸ்லைசர்களின் உட்புறம். வழக்கமான கழுவலுக்கு எட்டாத மூலைகளில் இறைச்சித் துகள் தங்கி, குளிரிலும் வளரக்கூடிய அந்த நுண்ணுயிருக்கு இருப்பிடமாகியிருந்தது. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு நெறிகள், சாதாரண அறைச் சூட்டில் பயன்படுத்தும் ஸ்லைசரைக் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவச் சொல்கின்றன. குளிரூட்டாத சமையலறையில், புத்தளத்து ஜூன் வெயிலில், அந்த இடைவெளியை இன்னும் சுருக்குவது நல்லது. எனவே, தகடு, இறைச்சித் தட்டு, காப்பு வளையம் ஆகிய மூன்றும் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்றக்கூடியவையா என்பதை, கடையிலேயே ஒருமுறை கழற்றிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். விற்பனையாளராலேயே அங்கே கழற்ற முடியாத இயந்திரத்தை, கொழுப்புப் படிந்த கையோடு வீட்டில் ஒருவரும் கழற்றப் போவதில்லை.

கடையில் இறைச்சி வைத்துச் சோதிக்க வாய்ப்பிருக்காது. உருளைக்கிழங்கு ஒன்று போதும். தடிப்பை 5 மில்லிமீட்டரில் வைத்துப் பத்துச் சீவல் எடுத்து, மேசையில் அடுக்கி, ஓரத்திலிருந்து பார்க்க வேண்டும். அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் தடுப்புப் பலகை தகட்டுக்கு இணையாக நிற்கவில்லை. அது திருத்த முடியாத குறை. அழுத்தும்போது தடுப்புப் பலகை விரலுக்கு வளைந்து கொடுத்தால், வீட்டில் கெட்டியான இறைச்சி அதை இன்னும் வளைக்கும். இயந்திரம் ஓடும்போது சீரான ஒரே இரைச்சல் கேட்க வேண்டும். இடையிடையே கட்டைக் குரல் கேட்டால் தகடு அச்சில் நேராக அமரவில்லை.

பெருநாள் முடிந்து எடுத்து வைக்கும்போது, தகட்டை நன்றாகத் துடைத்து, ஈரம் முற்றிலும் போனபின், உணவுக்கு ஏற்ற தாது எண்ணெய் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் மாதக்கணக்கில் கிடந்தால் காறிப்போய்ப் பிசுபிசுக்கும். பெட்டியை அப்படியே மூடாமல், தகட்டைத் துணியில் சுற்றி, மாரி தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும் எடுத்துப் பார்த்து, எண்ணெயைப் புதுப்பித்து வைத்தால், அடுத்த பெருநாளுக்குத் தகடு துருவின்றிக் கிடக்கும்.